மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்

எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் நான் கணக்கில் தோற்றதற்கு முழுக் காரணம் ஒரு சின்னக் குறி. எது பெரியது, எது சிறியது என்று காட்டுவதற்காக இரண்டு எண்களுக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அந்தக் குறி. பாடத்துக்கு அசமன்பாடு என்று பெயர். சமன்பாடு பரவாயில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்று என்று சொல்லிவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அசமன்பாடு அப்படியில்லை. இந்தப் பக்கம் கம்மி, அந்தப் பக்கம் ஜாஸ்தி என்று சண்டை மூட்டிவிட்டு, விடை கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லாமல் ஒரு கூட்டத்தையே கைகாட்டும். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறியைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, அதில்தான் விழுந்தேன்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் சொன்னபடி திருப்பிப் போட்டுவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது ஏன் திரும்ப வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். காரணம் தெரியாத வேலையைச் செய்வதில்லை என்பது அப்போது என் கொள்கை. வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மைனஸ் இரண்டு எக்ஸ் ஆறைவிடக் குறைவு என்று கணக்கு வந்தால், எக்ஸ் மைனஸ் மூன்றைவிடக் குறைவு என்று எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். கணக்கு டீச்சர் அதன் மேல் சிவப்புக் கோடு ஒன்றை நீளமாக இழுப்பார்.

தோற்பது மற்றப் பெண்களுக்கு வெறும் தோல்வி. எனக்கு அப்படியில்லை. நான் திருவண்ணாமலைக்காரி அல்ல, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிட்டதால், டவுனில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் யாரும் அப்படி வெளியூரில் தங்கிப் படிக்கவில்லை. அப்பாவுக்கும் அதில் அரை மனதுதான். அம்மா பிடிவாதம் பிடித்து அனுப்பியிருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு பாடத்தில் போனாலும், 'போதும், வந்துவிடு' என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

மாமா வீட்டில் மாமாவும் பெரியம்மாவும் மட்டும் இருந்தார்கள். மாமா அம்மாவுக்குத் தம்பி. கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், கல்யாணம் ஆகவில்லை. பெரியம்மா அவர்கள் இருவருக்கும் மூத்தவள். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்து, கூடவே வீட்டின் சட்டதிட்டங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டவள்.

அந்தச் சட்டங்களில் முதலாவது, பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது. நாங்கள் சமணர்கள். அந்த வட்டாரத்தில் எங்களை நயினார் என்பார்கள். சூரியன் இருக்கும்போதே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவது எங்கள் வீடுகளில் பல் துலக்குவதைப் போன்ற விஷயம். கிராமத்தில் இது ஒரு கஷ்டமே இல்லை. கொல்லை நிலத்தில் வேலை முடித்து வந்து, கை கால் கழுவி, மேற்கே பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தாலும் வெயில் மிச்சமிருக்கும். டவுனில்தான் வம்பு. டவுன் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. ஐந்து மணிக்குச் சூரியன் மலை உச்சியைத் தொடும், சற்று நேரத்தில் அதற்குப் பின்னால் இறங்கிவிடும். வானம் வெளுத்திருக்கும், தெருவில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், பஞ்சாங்கப்படி அஸ்தமனத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். ஆனால் சூரியன் கண்ணில் இருக்காது. பெரியம்மாவுக்குக் கண்ணில் இல்லாத சூரியன் இல்லாத சூரியன்தான்.

உறவுக்காரர்கள் எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். மலைக்குப் பின்னால்தானே போயிருக்கிறது, எங்கேயும் ஓடிவிடவில்லையே என்றார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள்.

"பஞ்சாங்கமா சாப்பிடுது? நான்தானே சாப்பிடறேன்? நான் பாக்கணும்" என்பாள் பெரியம்மா. அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாமா இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தார். கடையை அடைத்துவிட்டு எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் வெங்காய பஜ்ஜி தின்றுவிட்டு வருவார் என்பது ஊருக்கே தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவளுடைய பெருந்தன்மை.

காலாண்டுத் தேர்வில் தோற்றவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார் டீச்சர். கடைசி மணி அடித்ததும், வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டு, ஐந்தே கால் வரை. முடித்துவிட்டு ஓடிவந்தாலும் வீட்டுக்குள் நுழையும்போது தெருவில் மலையின் நிழல் விழுந்திருக்கும். பெரியம்மா அடுப்பை அணைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். முதல் நாள் நான் வந்து நின்றபோது என் முகத்தைப் பார்த்தாள், வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தாள், திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் சோறு போடவில்லை.

டப்பாவில் கட்டிக்கொண்டு போய் மூன்று மணி இடைவேளையில் சாப்பிட்டுப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இரவுச் சாப்பாடு சாப்பிடும் அதிசயப் பிராணியைப் பார்க்க வகுப்பே கூடிவிட்டது. பார்த்தவர்கள் கையும் சும்மா இருக்கவில்லை. நான்கு இட்லியில் எனக்கு மிஞ்சியது ஒன்று. அதைத் தின்றுவிட்டு மறுநாள் காலை வரை இருக்க வேண்டும். ஒரு வாரம் இப்படிப் போனது. பசி வயிற்றில் இருக்கும்போது குறி எந்தப் பக்கம் வாயைத் திறந்தால் என்ன என்றுதான் தோன்றும். அடுத்த திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில், கொடிக்கம்பத்துக்கு எதிரே, மயங்கி விழுந்தேன்.

செய்தி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. மறுநாளே அப்பா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார். அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எத்தனை எலும்பு தெரிகிறது என்று எண்ணுகிறவர் போல.

"போதும் மச்சான். புள்ளைய பட்டினி போட்டு என்னா படிப்பு? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமாவிடம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு இருந்த ஆசையை அதுவரை நானே அறிந்திருக்கவில்லை. நீல ரிப்பன், வரிசையாக நடக்கும் பெண்கள், மாடி வகுப்பறையின் ஜன்னல், எல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டில் முடிந்துவிடப் போகிறது. சிவப்புக் கோடு இழுக்கும் டீச்சர்கூட அந்த நிமிடம் எனக்கு வேண்டியவராகத் தெரிந்தார். நான் போகமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மாமாதான் குறுக்கே வந்தார். "அரையாண்டு வரைக்கும் குடுங்க. பட்டினி இல்லாம நான் பாத்துக்கறேன்" என்றார்.

"எப்படி பாப்ப?"

"பாப்பேன்" என்றார் மாமா. அவருக்கே அப்போது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா யோசித்தார். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். அரையாண்டில் கணக்கில் தேற வேண்டும். அதற்குள் இன்னும் ஒரே ஒரு நாள் நான் பசியோடு படுத்தேன் என்று கேள்விப்பட்டாலும் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார். சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் மாமா கடையிலிருந்து சீக்கிரமே வந்து, பெரியம்மா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம்.

"அக்கா, இப்ப சூரியன் எங்க இருக்குது?"

"மலைக்கு அந்தாண்ட."

"அப்ப மலைக்கு அந்தாண்ட இருக்கறவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவனுக்குத் தெரியும்."

"அவன் சாப்பிடலாமா?"

"தாராளமா சாப்பிடலாம்" என்றாள் பெரியம்மா. சொன்ன பிறகுதான் தம்பி எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. வெகு நேரம் முறத்தில் கிடந்த அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, "சூரியன் கண்ணுல பட்டாதான் வாயில வெக்கணும்" என்று தீர்ப்பு சொன்னாள். மறுநாள் பரணிலிருந்து பழைய இரண்டடுக்குத் தூக்கு இறங்கியது.

இப்படித்தான் ஒவ்வொரு சாயங்காலமும் மலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறவள் ஆனேன். ஐந்தே காலுக்கு மாமா மொபெட்டோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பார். தூக்கு ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருக்கும். மலையின் வடக்குப் பக்கமாகப் போகும் ரோட்டில், மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்தைப் பார்த்து விரட்டுவார். இடது பக்கம் மலை கன்னங்கரேலென்று கூடவே வரும். போகப் போக அதன் சரிவு தாழ்ந்துகொண்டே போய், ஒரு புளியமரம் தாண்டியதும், சரிவின் ஓரத்திலிருந்து முதலில் ஒரு கீற்று வெளிப்படும். பிறகு முழுச் சூரியனும் சாயங்காலத்தில் மேற்கே உதித்த மாதிரி வந்து நிற்கும். முதல் நாள் அதைப் பார்த்து மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "விழுந்து வாரினா உங்கப்பன் என்னைக் கொன்னுடுவான்டி" என்றார் மாமா. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை தாண்டி ஒரு கொல்லையின் வரப்பு எங்கள் சாப்பாட்டு இடம் ஆயிற்று. சூரியனைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். மாமா சாப்பிடமாட்டார், அவருக்கு பஜ்ஜி காத்திருந்தது. வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, "மெதுவா சாப்பிடு, இன்னும் ரெண்டு ஆள் உயரம் இருக்குது" என்று சூரியனை அளந்து சொல்லிக்கொண்டிருப்பார். ரோட்டில் அந்த நேரத்தில் மலை சுற்றுகிறவர்கள் நாலைந்து பேர் போவார்கள். ரமணாசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் யாராவது காவி வேட்டியோடு போவார். ஒரு சிறுமி தினமும் இதே வரப்பில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டு இட்லி தின்பதைக் கண்டு, ஒரு வெள்ளைக்காரம்மாள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஏதோ பெரிய தவம் என்று நினைத்திருக்க வேண்டும். வாயில் இட்லி இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வரப்பில்தான் குறியும் எனக்குப் பிடிபட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கே பட்டதுதான். சாப்பிட்ட பிறகு, வெயில் இருக்கும்வரை உட்கார்ந்து வீட்டுக் கணக்கைச் செய்துகொண்டிருப்பேன். எண்கோடு ஒன்றைக் குச்சியால் மண்ணில் கிழித்திருந்தேன். கோட்டின் நடுவில் பூஜ்யம். திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் மலை. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் மலையை வைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. மலைக்குக் கிழக்கே எங்கள் டவுன், அது மிகை எண்களின் பக்கம். பள்ளிக்கூடம் இரண்டில் இருக்கட்டும், மாமா வீடு மூன்றில் இருக்கட்டும். கிழக்கே போகப் போக ஜாஸ்தி. அப்படியானால் பள்ளிக்கூடத்தைவிட வீடு பெரியது. சரி. இப்போது இரண்டையும் பெயர்த்துக்கொண்டு, மலையிலிருந்து அதே தூரத்தில் இந்தப் பக்கம் வைத்தால்? பள்ளிக்கூடம் மைனஸ் இரண்டில், வீடு மைனஸ் மூன்றில். இந்தப் பக்கம் எது கிழக்கே இருக்கிறது? பள்ளிக்கூடம்தான். வீடு அதற்கும் மேற்கே தள்ளிப் போய்விட்டது. அங்கே பெரியதாக இருந்தது இங்கே சிறியதாகிவிட்டது. தூரம் மாறவில்லை, பக்கம்தான் மாறியது. குறை எண்ணால் பெருக்குவதும் இப்படிப் பக்கம் மாற்றி வைப்பதுதான். பக்கம் மாறினால் குறி திரும்பாமல் என்ன செய்யும்?

எழுந்து நின்று மாமாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கை இரண்டையும் வீசி, இது பள்ளிக்கூடம், இது வீடு, இந்த மலைதான் பூஜ்யம் என்றேன்.

மாமா சட்டென்று ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவா பேசுடி. ஊரே சாமின்னு சுத்தி வர்ற மலைய பூஜ்யம்னா அடி விழும், எனக்குத்தான் விழும்" என்றார். கணக்கு அவருக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. ஆனாலும், "உனக்குப் புரிஞ்சுதா? அது போதும்" என்று சொல்லி, ரோட்டோரம் விற்ற கொய்யாப்பழத்தை வாங்கிக் கொடுத்தார். சூரியன் அப்போதும் முழுசாக இருந்ததால் அதையும் தின்றேன். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் எதையும் தின்றதில்லை.

மறுநாள் டீச்சர் போட்ட கணக்கில் குறியைத் திருப்பினேன். டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன, விதி மேல இருந்த கோபம் போயிடுச்சா?" என்று கேட்டார். சிவப்புக் கோடு விழவில்லை. என் திமிரை அவர் ஆரம்பத்திலிருந்தே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. பௌர்ணமியை நாங்கள் எண்ணிப் பார்க்க மறந்திருந்தோம். எங்கள் வீட்டு நோன்பு நாட்கள் எல்லாம் பெரியம்மாவுக்கு விரல் நுனியில் இருக்கும், பௌர்ணமி கிரிவலம் எங்கள் வீட்டு விஷயம் அல்ல. அன்று காலையிலிருந்தே வெளியூர் பஸ்கள் வந்து இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் டவுனைத் தாண்டியதும் ரோடு முழுக்கத் தலைகள். மலையை வலமாகச் சுற்றி முடிக்கிறவர்கள் எல்லாம் அந்த வடக்கு ரோடு வழியாகத்தான் டவுனுக்குள் வருவார்கள். நாங்கள் அவர்களுக்கு எதிரே போய்க்கொண்டிருந்தோம்.

"எல்லாரும் ஒரு பக்கம் வந்தா இது ஒரு பக்கம் போவுது பாரு" என்றார் ஒருவர். "அப்பிரதட்சணமா போறியே, குடும்பத்துக்கு ஆவுமா?" என்று ஓர் அம்மாள் மாமாவிடம் நேராகவே கேட்டார். மாமா ஒவ்வொருவரிடமும், "புள்ள சாப்பிடணும்ங்க, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே உருட்டினார். பிள்ளை சாப்பிடுவதற்கும் மலைக்குப் பின்னால் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குப் புரியும்? கொஞ்ச தூரத்தில் கட்டையைப் போட்டு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மாமா மொபெட்டை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, தூக்கை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். நடந்தார் என்பதைவிட ஓடினார் என்பது சரி. சரிவு தாழ்வதாகவே தெரியவில்லை. வானம் சிவந்துகொண்டிருந்தது. அப்பா சொன்ன அந்த ஒரே ஒரு நாள் இதுதான் என்று நினைத்துக்கொண்டே கூட ஓடினேன்.

புளியமரம் தாண்டியும் கூட்டத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மாமா சட்டென்று என்னைத் தூக்கி, ரோட்டோரம் வேர்க்கடலைக் கொடி, எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொடி, ஏற்றி நின்ற டிராக்டரின் மேல் உட்காரவைத்தார். மேலிருந்து பார்த்தேன். தலைகளுக்கு அப்பால், மலையின் ஓரத்தில், அரைச் சூரியன் நின்றது. மாமா தூக்கைத் திறந்து நீட்டினார். "சாப்பிடு, சாப்பிடு, இருக்குது" என்றார். கீழே நின்ற அவருக்குச் சூரியன் தெரிந்திருக்க வழியே இல்லை. நான் மூன்று இட்லியைக் கிட்டத்தட்ட முழுசாகவே விழுங்கினேன். நான்காவதில் பாதி கையில் இருக்கும்போது கடைசிக் கீற்றும் போய்விட்டது. மிச்சத்தை மாமாவிடம் நீட்டினேன். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு, "இது எனக்குச் சட்டப்படி செல்லும்" என்றார். வேர்வை வழிந்த அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சாயங்காலம்தான் அவருக்குக் கடையில் வேலை மும்முரம், கிராமத்துக்காரர்கள் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் மோட்டாரை வாங்கிப் போக வருகிற நேரம் என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அரையாண்டுத் தேர்வு வந்தது, எழுதினேன். பொங்கலுக்கு முந்தின வாரத்தில் ஸ்பெஷல் கிளாஸிலேயே விடைத்தாள்களைக் கொடுத்தார் டீச்சர். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். நான் நாற்பத்தொன்று. ஊரை விலைக்கு வாங்கும் மதிப்பெண் ஒன்றும் இல்லை, ஆனால் அசமன்பாட்டில் ஒரு கணக்குகூடத் தப்பாகவில்லை. வெளியே ஓடிவந்தால் மாமாவின் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். கையில் துணிப்பை. நான் தாளை நீட்டினேன். அப்பா அதை வாங்கி நிதானமாகப் பார்த்தார். அவருக்கு எண்கள் படிக்கத் தெரியும். பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எங்க வெச்சு சாப்புடுது? அத நானும் பாக்கறேன்" என்றார் மாமாவிடம்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். மேட்டில் வண்டி திணறியபோது அப்பா இறங்கி நடந்தார். புளியமரம் தாண்டிச் சூரியன் வெளியே வந்தபோது, முதல் நாள் நான் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி அவர் எதுவும் செய்யவில்லை. வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியம்மா அன்று தூக்கின் இரண்டு அடுக்கிலும் இட்லி வைத்திருந்தாள். அப்பா ஒன்றை மட்டும் எடுத்து, பிட்டுப் பிட்டு வெகு நேரம் சாப்பிட்டார். பிறகு, "இங்கேருந்து நம்ம ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் திரும்பி மலையைக் காட்டினேன். மலைக்கு அப்பால், டவுனுக்கும் அப்பால் என்றேன். அப்பா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

அம்மா அவித்துக் கொடுத்த மல்லாட்டை இருக்கிறது என்றார். பைக்குள் கையை விட்டேன். மல்லாட்டைப் பொட்டலத்துக்குக் கீழே புதுக் கயிறு ஒன்று சுருளாக இருந்தது, இன்னும் முடிச்சுகூட விழாத கயிறு.

"இது எதுக்குப்பா?"

மாமா வண்டியிடம் போய், அணைந்திருந்த வண்டியை இன்னொரு முறை அணைத்தார்.

"மாட்டுக்கு" என்றார் அப்பா.

எங்கள் மாட்டை ஆடி மாதத்திலேயே விற்றாகிவிட்டது. விற்ற அன்று தொழுவத்தில் உட்கார்ந்து அழுததும் நான்தான். அப்படியிருந்தும் ஓகோ, மாட்டுக்கா என்று கேட்டுக்கொண்டேன். என் தகரப் பெட்டியைப் பஸ் மேல் ஏற்றிக் கட்ட அவ்வளவு நீளக் கயிறுதான் வேண்டும் என்பதோ, அந்த மூன்று மாதமும் நான் தேற வேண்டும் என்று வீடே வேண்டிக்கொண்டிருந்தபோது, நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரே ஒருவர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார் என்பதோ எனக்குத் தோன்றவே இல்லை. என் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து, இரண்டு தட்டு வைக்கிற இடத்தில் மூன்று தட்டு வைத்த ஒரு நாளில்தான் அது எனக்கு விளங்கியது. அப்போது சொல்ல அப்பா இல்லை.

அன்றைக்கு அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நல்லா படி" என்றார். கயிற்றைப் பையின் அடியில் தள்ளி, அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார். நான் மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே, அடுத்த முறை வரும்போது இன்னும் நிறையக் கொண்டுவரச் சொன்னேன்.